மூணு திரௌபதியும் ஒரு ராஜலட்சுமியும்

ஆடி மாசம் வந்துட்டா படவேட்டுப் பக்கம் தூக்கம் குறைஞ்சுடும். ரேணுகாம்பாள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வர்ற கூட்டம், வேப்பிலை, பொங்கப்பானை, ஜவ்வாது மலை அடிவாரம் பூரா பம்பை சத்தம். ராத்திரியானா சுத்துப்பட்டு ஊருங்கள்ல எங்கயாவது கூத்து.

அப்படி ஒரு ராத்திரி. துகில் கூத்து. துச்சாதனன் சேலையைப் பிடிக்கற கட்டம். முகவீணை அழுவுது, மிருதங்கம் அதிருது, திரௌபதி வேஷம் கட்டினவரு ரெண்டு கையையும் தூக்கி கோவிந்தா கோவிந்தான்னு கூப்பிடறாரு. முன்வரிசையில உக்காந்திருந்த ஆயாங்க எழுந்து கற்பூரம் ஏத்திக் கும்பிடறாங்க. அந்த நேரம் பார்த்து, மடியில தூங்கிட்டு இருந்த பொண்ணு ஒண்ணு முழிச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு.

"ஆயா, அது ஆம்பளதான? ஏன் பொம்பளைங்க யாரும் ஆடல?"

ஆயா பட்டுன்னு சொன்னாங்க: "பொம்பள ஏறுனா ஊரு இன்னா பேசும்டி? சும்மா பாரு."

சும்மா பார்க்க முடியல. (அந்தப் பொண்ணுக்கு எட்டு, ஒம்பது வயசு இருக்கும். அந்த வயச கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.) ஆயா மேல கோவம் இல்ல. அவங்க பார்த்ததை அவங்க சொல்றாங்க. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒண்ணு இருக்கு. அந்தப் பதிலுக்குப் பேரு டி. பி. ராஜலட்சுமி.

"அதான் தெரியுமே, முதல் தமிழ்ப் பேசும் படத்துக் கதாநாயகி"ன்னு சிலர் சொல்லுவீங்க. பொது அறிவுப் புத்தகத்துல ஒரு வரி. அந்த ஒரு வரியிலதான் நமக்கு ஆத்திரமே. மூச்சு விடாம ஓடின ஒரு வாழ்க்கையை ஒரு மார்க் கேள்வியா சுருக்கி வெச்சிருக்கோம்.

சரி, முதல்ல திரௌபதிங்க கதை.

கூத்துல திரௌபதி ஆம்பள. அது முதல் திரௌபதி. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. பொம்பள வேஷம் கட்டறதுக்குன்னு விரதம் இருந்து, நடையும் குரலும் பழகி, விடிய விடிய ஆடற கலைஞர்கள் இந்த வட ஆற்காட்டு மண்ணுல தலைமுறை தலைமுறையா இருக்காங்க. அந்த வேலை லேசுப்பட்டதில்ல.

ரெண்டாவது திரௌபதி ஊமைப்படத்துல. படவேட்டுல இருந்து சந்தவாசல், கண்ணமங்கலம் தாண்டிப் போனா வேலூர். அங்க பிறந்தவர்தான் ஆர். நடராஜ முதலியார். மெட்ராஸ்ல மோட்டார் கார் சாமான் வியாபாரம் பண்ணிட்டு இருந்தவர், கேமரா மேல ஆசைப்பட்டு, கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு கொட்டகை போட்டு 'கீசக வதம்' எடுத்தாரு. தென்னிந்தியாவோட முதல் கதைப்படம் அதுதான். அதுக்கப்புறம் 'திரௌபதி வஸ்திராபகரணம்' எடுத்தப்போ, திரௌபதியா நடிக்க அவர் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாச்சு. படத்துல பேச்சு இல்லாததால பாஷை தெரியாட்டியும் நடந்துது. நம்ம வீட்டுப் பொண்ணுங்களைக் கேமரா முன்னாடி நிக்க வைக்க அப்போ குடும்பங்கள் தயாரா இல்ல. இங்க மட்டும்னு நெனைக்காதீங்க. 1913ல பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தப்போ, அரிச்சந்திரன் பொண்டாட்டியா நடிச்சவரு சாலுங்கேங்கற ஆம்பளை. அதுக்கு முன்னாடி ஓட்டல்ல சமையல் வேலை பார்த்தவரு.

மூணாவதா 1934ல வந்துது பேசற, பாடற 'திரௌபதி வஸ்திராபகரணம்'. அதுல நடிச்சவங்கதான் ராஜலட்சுமி. அதே கதை, அதே சேலை. இந்தத் தடவை தமிழ்ப் பொண்ணு, தமிழ்க் குரல்.

இந்த மூணுக்கும் நடுவுல என்ன நடந்துது?

1911 நவம்பர்ல, காவிரிக்கரை திருவையாறுல பிறந்தவங்க ராஜலட்சுமி. அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி, ஊர்க் கணக்குப்பிள்ளை. திருவையாறு பஞ்சாபகேசன், அதுதான் பேருக்கு முன்னாடி நிக்கற டி. பி. குழந்தைக்கு நல்ல குரல், எதைக் கேட்டாலும் திருப்பிப் பாடிடும்னு வீட்டுல பெருமை. அந்தப் பெருமை இருந்த அதே வீட்டுல, அந்தக் காலத்து வழக்கப்படி, பாவாடை கட்டற வயசுலயே கல்யாணம் முடிச்சுட்டாங்க. (ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன வயசு இதுதான். கூத்துல கேள்வி கேட்ட பொண்ணோட வயசு.) சீர், வரதட்சணைன்னு சண்டை. கல்யாணம் நிலைக்கல. பொண்ணு பிறந்த வீட்டுக்குத் திரும்பிட்டா. கொஞ்ச நாள்ல அப்பாவும் போயிட்டாரு.

குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கற சாரதா சட்டம் வந்தது 1929ல. ராஜலட்சுமிக்கு அது ரொம்ப லேட்டு.

இப்ப அந்த வீட்டு நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அம்மா மீனாட்சி, விதவை. பொண்ணு, வாழாவெட்டி. வருமானம் இல்ல. பிராமண வீடு. அந்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கு ஊர் அனுமதிச்ச வாழ்க்கை என்ன? யார் வீட்டு அடுப்படியிலயாவது அப்பளம் இட்டுக்கிட்டு, ஒரு மூலையில பாயைச் சுருட்டி வெச்சுக்கிட்டு இருக்கறதுதான். அம்மாவும் பொண்ணும் திருச்சிக்கு வந்தாங்க. பொண்ணுகிட்ட இருந்த ஒரே சொத்து அந்தக் குரல். அதை எடுத்துக்கிட்டுப் போய் சி. எஸ். சாமண்ணா நாடகக் கம்பெனியில நின்னாங்க.

இந்த இடத்துல அம்மா மீனாட்சியைப் பத்தி நின்னு பேசணும். பொண்ணு போனான்னு எல்லாரும் எழுதறாங்க. கூட்டிட்டுப் போன அம்மாவுக்கு ஊர்ல என்ன பேரு கிடைச்சிருக்கும்? பெண்கள் நாடக மேடைக்கு வராமலே இல்ல. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வெச்சு ஒரு கம்பெனி நடத்தி, அந்த நாடகத்துக்காகவே ஸ்பெஷல் ரயில் ஓடற அளவுக்குப் பேரெடுத்தவங்க. ஆனா மேடையேறின பெண்கள்ல பெரும்பாலானவங்க தேவதாசி மரபுல, பரம்பரையா ஆட்டமும் பாட்டும் தொழிலா இருந்த குடும்பங்கள்ல இருந்து வந்தவங்க. அக்ரகாரத்துப் பொண்ணு அரிதாரம் பூசறது கேள்விப்படாத சங்கதி. ருக்மிணி தேவி அடையாறுல மேடையேறி ஆடினது 1935 டிசம்பர்ல. அதைப் பெரிய புரட்சின்னு நாம சரியாத்தான் கொண்டாடறோம். அதுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடியே, எந்தப் பெரிய மனுஷங்க துணையும் இல்லாம, பசிக்காக ஒரு சின்னப் பொண்ணு மேடையேறிட்டா. அதைக் கொண்டாட ஒருத்தரும் இல்ல.

நாடகம்னா அப்போ சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினதுங்கதான் எங்கயும். பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி. மைக் கிடையாது. கடைசி வரிசையில தரை டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கறவன் காதுலயும் பாட்டு விழணும். ஆர்மோனியக்காரர் சுருதியை ஏத்திக்கிட்டே போவாரு, அதுக்கு ஈடு குடுக்கணும். தர்க்கம் வந்தா எதிர்ல நிக்கற ராஜபார்ட் எந்தக் கேள்வியை வீசுவாருன்னு தெரியாது, பட்டுன்னு பதில் வரணும். பாட்டு, பேச்சு, சமயோசிதம் மூணும் ஒண்ணாக் கத்துக் குடுத்த பள்ளிக்கூடம் அது. எம். கே. தியாகராஜ பாகவதர், எஸ். ஜி. கிட்டப்பா மாதிரி ஆளுங்க ராஜபார்ட்டா நின்ன மேடையில ஸ்திரீபார்ட்டா நின்னு பேரு வாங்கினாங்கன்னா, அந்தப் பள்ளிக்கூடத்துல நல்லாவே தேறினாங்கன்னு அர்த்தம்.

(கடல் தாண்டி ஒரு சின்ன எட்டு. அமெரிக்காவுல மேரி பிக்ஃபோர்டுன்னு ஒரு நடிகை. கனடாவுல பிறந்தவங்க, அஞ்சாறு வயசுல அப்பா போயிட்டாரு, குடும்பத்துக்குச் சோறு போட அம்மா அந்தக் குழந்தையை நாடக மேடையேத்தினாங்க. 1909ல சினிமாவுக்கு வந்து, 1919ல சாப்ளினோட சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினாங்க. அப்பா இல்லாத வீடு, துணிஞ்ச அம்மா, சின்ன வயசு மேடை, கடைசியில சொந்தக் கம்பெனி. ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா மனசு என்னமோ பண்ணுது. மேரி பிக்ஃபோர்டுக்கு வாழ்க்கை வரலாறுங்க எத்தனையோ வந்தாச்சு.)

மேடையில இருந்து ஊமைப்படம். ஏ. நாராயணனோட ஜெனரல் பிக்சர்ஸ் எடுத்த 'கோவலன்', அப்புறம் ராஜா சாண்டோ இயக்கின 'உஷா சுந்தரி'. பாட்டாலயே பேரு வாங்கின ஒரு பொண்ணு சத்தமே வராத படத்துல நடிச்சிருக்காங்க. முழு ஆயுதத்தையும் வெளியில வெச்சுட்டுப் போன மாதிரிதான்.

ஆயுதத்தைத் திருப்பி எடுத்தது 1931ல.

அந்த வருஷம் மார்ச் 14ஆம் தேதி பம்பாய்ல 'ஆலம் ஆரா' வந்துது. இந்தியாவோட முதல் பேசும் படம், அர்தேஷிர் இரானியோட இம்பீரியல் கம்பெனி எடுத்தது. ஸ்டுடியோ பக்கத்துலயே ரயில் தண்டவாளம் போனதால, ரயில் ஓயற நடுராத்திரியில படம் பிடிச்சாங்க. அதே கம்பெனி, அதே செட்டுங்களை வெச்சுக்கிட்டு அடுத்து எடுத்தது 'காளிதாஸ்'. இயக்கம் எச். எம். ரெட்டி. கதாநாயகி ராஜலட்சுமி, வயசு இருபது கூட நிறையல.

இந்தப் படத்துல நடந்ததை இன்னைக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. கதாநாயகி தமிழ்ல பேசுவாங்க. கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்லுவாரு. சின்ன வேஷத்துல வந்த எல். வி. பிரசாத் (ஆமா, பின்னாடி பிரசாத் ஸ்டுடியோ கட்டினவரேதான்) இந்தியில பேசுவாரு. ஜனங்களுக்கு அது ஒரு குறையாவே தெரியல. திரை பேசுதுங்கறதே அதிசயம், அதுலயும் அந்தப் பொண்ணு நம்ம பாஷையில பேசறா, பாடறா! தியாகராஜர் கீர்த்தனையும் பாடினாங்க, குறத்தி டான்ஸும் ஆடினாங்க, மதுரை பாஸ்கரதாஸ் எழுதின காந்தியோட ராட்டினப் பாட்டும் பாடினாங்க. காளிதாசன் கதைக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நாடகக் கொட்டகையில அந்தப் பாட்டுக்குக் கை தட்டினவங்கதான் சினிமாக் கொட்டகைக்கும் வரப் போறவங்க. அது ராஜலட்சுமிக்குத் தெரிஞ்சிருந்துது. பின்னணி கிடையாது, டப்பிங் கிடையாது. கேமரா ஓடறப்பவே பாடணும், பாடிக்கிட்டே நடிக்கணும், தப்பினா முதல்ல இருந்து.

படப்பெட்டி பம்பாய்ல இருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்தப்போ, ரோஜாப்பூ தூவி, தேங்கா உடைச்சு, ஊதுவத்தி கொளுத்தி ஊர்வலமாக் கொண்டு போனாங்கன்னு சினிமா வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. 1931 அக்டோபர் 31, மெட்ராஸ் கினிமா சென்ட்ரல் தியேட்டர். (பின்னாடி முருகன் டாக்கீஸ்னு பேரு மாறின கொட்டகை.) படம் ஓடுச்சு ஓடுச்சு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. 'சினிமா ராணி'ன்னு பட்டம் வந்துது. வாழாவெட்டின்னு சொன்ன ஊரு அதே வாயால ராணின்னு சொல்லிச்சு.

அந்தப் பட்டத்தோட விலை என்னன்னு புரியணும்னா, கிட்டத்தட்ட அதே காலத்துல திருவனந்தபுரத்துல நடந்ததைச் சொல்லியாகணும். மலையாளத்தோட முதல் படம் 'விகதகுமாரன்'. அதுல நாயர் பொண்ணா நடிச்சவங்க பி. கே. ரோஸி. தலித் பெண், அவங்களும் நாடக மேடையில இருந்து வந்தவங்க. தாழ்த்தப்பட்ட பொண்ணு நாயர் பொண்ணா நடிக்கறதான்னு மேல்சாதிக் கூட்டம் கலாட்டா பண்ணி, அந்தப் பொண்ணு ஊரை விட்டே ஓட வேண்டியதாச்சு. அப்புறம் கேமரா முன்னாடி நிக்கவே இல்ல. ரெண்டு பேரும் முதல் நாயகிகள். ஒருத்தருக்கு ஊர்வலம், ஒருத்தருக்குக் கல்லடி. ராஜலட்சுமி ஜெயிச்சதைப் பேசற எந்தப் பதிவும் ரோஸியைச் சொல்லாம நகரக் கூடாது.

1933ல 'வள்ளி திருமணம்'. கல்கத்தாவுல எடுத்தாங்க. மேடையில எத்தனையோ தடவை ஆடின வேஷம், பெரிய வெற்றி. ஜவ்வாது மலையில சாமைக்கொல்லையில பரண் போட்டு காவல் காக்கற பொண்ணுங்களை நம்ம ஜனங்க பார்த்திருப்பீங்க. தினைப்புனம் காத்த வள்ளி அதே சாயல். அந்தப் படத்துல கூட நடிச்ச டி. வி. சுந்தரத்தை பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஒரு தடவை கல்யாணம் ஆகி முறிஞ்ச பொண்ணு தானே பார்த்து, தானே முடிவு பண்ணி, மறுபடி கல்யாணம். அந்தக் காலத்துல! அதுக்கப்புறம் வரிசையாப் படங்கள். அரிச்சந்திரா, லலிதாங்கி, குலேபகாவலி, பக்த குசேலா... பேர்களை அடுக்கிக்கிட்டே போகலாம், அதை விட்டுடுவோம். நாம நிக்க வேண்டிய இடம் 1936.

'மிஸ் கமலா.'

கதை ராஜலட்சுமி. வசனம் ராஜலட்சுமி. தயாரிப்பு, ராஜலட்சுமியோட சொந்தக் கம்பெனி, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ். கமலாவா நடிச்சதும் ராஜலட்சுமி. இயக்கமும் ராஜலட்சுமி.

தென்னிந்தியாவோட முதல் பெண் இயக்குநர். இந்தியா முழுக்க எடுத்துக்கிட்டா அவங்களுக்கு முன்னாடி 1926ல பம்பாய்ல பாத்மா பேகம் இருந்தாங்க. அது ஊமைப்படக் காலம். அதே 1936ல ஹாலிவுட்டோட பெரிய ஸ்டுடியோக்கள்ல படம் இயக்கிட்டு இருந்த ஒரே பெண் டாரதி ஆர்ஸ்னர். அவங்க பின்னாடி ஒரு பெரிய ஸ்டுடியோவோட காசும் ஆளும் இருந்துது. ராஜலட்சுமி பின்னாடி இருந்தது, நடிச்சுச் சேர்த்த சொந்தக் காசு. ஸ்டார்ட் சொல்ல வேண்டியவங்களே கேமரா முன்னாடியும் நிக்கணும், வெட்டி ஒட்டற இடத்துலயும் உக்காரணும், சாயங்காலம் கணக்கும் பார்க்கணும்.

கதையைக் கேளுங்க. கமலா ஒருத்தரைக் காதலிக்கறா. வீட்டுல இன்னொருத்தருக்குக் கட்டி வெச்சுடறாங்க. புருஷனுக்கு விஷயம் தெரியுது. அவன் அடிக்கல, அவளை வெட்டல, ஊரைக் கூட்டல. காதலிச்சவனோடயே அவளைச் சேர்த்து வைக்கறான். இதைத்தான் 'கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்'ங்கற நாவலா ராஜலட்சுமி முன்னாடியே எழுதியிருந்தாங்க. இந்து திருமணச் சட்டத்துல விவாகரத்து வந்தது 1955ல. ஒரு பொண்ணுக்குப் பிடிக்காத கல்யாணத்துல இருந்து வெளியில வர ஒரு கதவு வேணும்னு, எட்டு வயசுல கட்டி வெச்சு அனுப்பப்பட்ட ஒருத்தி, கல்யாணச் சட்டம் மாறறதுக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடி திரையில கதவு வெச்சுக் காட்டினா.

படவேட்டுல உக்காந்துக்கிட்டு இதை யோசிக்கறப்போ உடம்பு சிலிர்க்குது. இங்க கருவறையில அம்மன் தலையாத்தான் இருக்கா. கமண்டல நதியில தண்ணி எடுக்கப் போன ரேணுகாவோட மனசு ஒரு கணம் சலனப்பட்டுதுன்னு, ஜமதக்னி சொல்ல மகன் பரசுராமன் வெட்டின தலை. அந்தக் கதையைக் கூத்தாவும் பாட்டாவும் கேட்டு வளர்ந்த தமிழ் ஜனங்க முன்னாடி, மனசு வேற பக்கம் இருந்த பொண்ணை வெட்டாம வாழ விட்ட ஒரு புருஷனைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க ராஜலட்சுமி. அவங்க இந்தக் கோயிலை மனசுல வெச்சு எழுதினாங்கன்னு சொல்ல வரல. ரெண்டையும் சேர்த்துப் பார்க்காம இருக்க முடியல, அவ்வளவுதான்.

அவங்களுக்குப் பொண்ணு பிறந்தப்போ அந்தக் குழந்தைக்கும் கமலான்னே பேரு வெச்சாங்க. பெண் குழந்தைங்கறதால கொல்லப்பட இருந்த இன்னொரு குழந்தையைத் தூக்கிட்டு வந்து சொந்த மகளா வளர்த்தாங்க. திரையில சொன்னதையும் வீட்டுல செஞ்சதையும் பிரிச்சுப் பார்க்க முடியல.

1938ல ஏவி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்'ல யசோதையா நடிச்சாங்க. பின்னணிக் குரல் தமிழ் சினிமாவுல முதல்ல எட்டிப் பார்த்த படம் அது, ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினாங்க. சொந்தத் தொண்டையை நம்பியே வாழ்ந்த ஒரு தலைமுறையோட காலம் முடியப் போகுதுன்னு அந்த செட்டுலயே எழுதி இருந்துது போல. 'மதுரை வீரன்' கதையையும் ராஜலட்சுமி படமா எடுத்தாங்க. நாற்பதுகள்ல படங்கள் குறைஞ்சு, அம்மா வேஷங்கள் வந்து, அதுவும் நின்னுது. 1961ல கலைமாமணி விருது கிடைச்சுது. 1964 ஆகஸ்ட்ல, ஐம்பத்தி ரெண்டு வயசுல காலமானாங்க.

1964ங்கறது இன்னொண்ணுக்கும் ஆரம்ப வருஷம். பழைய படங்களைப் பாதுகாக்கறதுக்காக புனேவுல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினது அந்த வருஷம் பிப்ரவரியில. அதுக்குள்ள எல்லாம் கை மீறிப் போயிருந்துது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாவே மக்கும், பொறி பட்டா பக்குன்னு எரியும். ஓடி முடிஞ்ச படத்தைக் கழுவி அதுல இருக்கற வெள்ளியை எடுக்கறதும் நடந்துது. 'காளிதாஸ்' பிரதி இல்ல. நடராஜ முதலியார் எடுத்த படங்கள்ல ஒண்ணு கூட இல்ல. 'மிஸ் கமலா'வும் இல்ல.

அதாவது, தமிழ்ல ஒரு பொண்ணு முதன்முதலா இயக்கின படத்தை இனிமே யாரும் பார்க்க முடியாது. ஒரு ஷாட் எப்படி வெச்சாங்க, எங்க வெட்டினாங்க, கமலா அழுதாளா சிரிச்சாளா, ஒண்ணும் நமக்குத் தெரியப் போறதில்ல. நாவல் மட்டும் நிக்குது. அதைத் தேடிப் படிங்க.

அந்த ராத்திரிக் கூத்துக்கு வருவோம். ஆயா சொன்ன "ஊரு இன்னா பேசும்" இன்னும் இருக்கு. ஆனா காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல, கட்டைக்கூத்துச் சங்கம் 2002ல ஆரம்பிச்ச குருகுலத்துல பையன்களோட சேர்ந்து பொண்ணுங்களும் கூத்துக் கத்துக்கிட்டாங்க. கிரீடம் வெச்சு, புஜக்கட்டை கட்டி, கிறிகி சுத்தி ஆடினாங்க. திரௌபதி வேஷம் மட்டும் இல்லாம ராஜா வேஷமும் கட்டினாங்க.

விடியக்காலம் கூத்து முடிஞ்சு, அரிதாரம் கலைச்சுட்டு டீ குடிச்சிட்டு இருந்த திரௌபதிகிட்ட அந்தப் பொண்ணு மெல்லப் போய் நின்னா. அவரு என்ன வேணும்னு கேட்டாரு. அவ ஒண்ணும் சொல்லல, பெட்டி மேல வெச்சிருந்த சவுரி முடியைத் தொட்டுப் பார்த்தா. அவரு சிரிச்சுக்கிட்டே அதை எடுத்து அவ கையில குடுத்தாரு.